வீடே பள்ளிக்கூடம் என்றால், மூத்த மகள்தான் ஆசிரியையா?

ஜூன் பிறந்துவிட்டது. சீருடைத் துணி எடுப்பது, நோட்டுகளுக்கு அட்டை போடுவது, வேன் கட்டணம் பேசுவது என்று வீடுகள் பரபரப்பாக இருக்கின்றன. அதே தெருவில் இவை எதுவும் நடக்காத சில வீடுகளும் உண்டு. அங்கேயும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களை வீட்டிலேயே வைத்துப் படிக்க வைப்பது என்று பெற்றோர் முடிவு செய்திருக்கிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஜும்ஆ முடிந்து நம்மிடம் வருபவர்கள், "பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கலாமா ஹஜ்ரத்?" என்று கேட்பார்கள். இப்போது கேள்வி மாறிவிட்டது. "நாலு பிள்ளை, நாலு வயசு. ஒருத்திக்கு அல்ஜீப்ரா, ஒருத்தனுக்கு அலிஃப் பா. ஒருத்தனுக்குப் பால் பாட்டில். ஒரே ஆள் எப்படிச் சமாளிப்பது ஹஜ்ரத்?" என்று கேட்கிறார்கள். கேட்பவர் பெரும்பாலும் தந்தை. சமாளிப்பவர் பெரும்பாலும் தாய். தாயால் முடியாத இடத்தில் மூத்த மகள் வந்து நிற்கிறாள்.

கால அட்டவணையைப் பற்றிய கேள்வி போல இது தெரிகிறது. கொஞ்சம் உள்ளே போய்ப் பார்த்தால், ஒரே கூரையின் கீழ் வளரும் பிள்ளைகளின் ஹக்கு பற்றிய கேள்வியாக இருக்கிறது. புதிய ஆண்டு தொடங்கும் இந்த நேரத்தில் அதைத்தான் நாம் பேச வேண்டும்.

வீட்டுக்குத் திரும்பியது ஏன்?

2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் மீண்டும் வகுப்பறைக்குள் போனது 2021 நவம்பர் 1 அன்றுதான். ஒன்றரை ஆண்டுக்கும் மேலாக வீடே வகுப்பறையாக இருந்தது. அந்த நாள்களில்தான் பல பெற்றோர், பிள்ளை என்ன படிக்கிறது, என்ன படிக்கவில்லை என்பதை முதன்முறையாகப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். பள்ளி திறந்த பிறகும் சிலர் திருப்பி அனுப்பவில்லை.

வேறு காரணங்களும் உண்டு. மகனை ஹாஃபிழாக்க வேண்டும் என்ற ஆசை. ஆண்டுக்கு ஆண்டு ஏறும் தனியார் பள்ளிக் கட்டணம். கைப்பேசி, கெட்ட சகவாசம் பற்றிய அச்சம். 2022இல் கர்நாடகத்தில் ஹிஜாபை வைத்து மாணவிகள் வகுப்பறை வாசலில் தடுக்கப்பட்டதும், அந்த ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் இருவேறு தீர்ப்பு சொன்னதும் தமிழகத்தில் இருக்கும் நம் பெற்றோர் மனத்தில் ஒரு நடுக்கத்தை விட்டுச் சென்றன.

இந்தக் காரணங்களை நாம் எள்ளி நகையாடவில்லை. ஆனால் ஒரு பிள்ளைக்காக எடுத்த முடிவு நான்கு பிள்ளைகளுக்கும் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். பதினொரு வயது மகனின் ஹிஃப்ழுக்காகத் தொடங்கிய வீட்டுக் கல்வியில் பதினான்கு வயது மகளும் சேர்ந்து வீட்டில் நின்றுவிடுகிறாள். மகனின் பாடத்துக்கு உஸ்தாத் ஏற்பாடாகிறார். மகளின் பாடத்துக்கு யார் என்று கேட்டால் வீட்டில் பதில் இல்லை. நம் கவலை இங்கேதான் தொடங்குகிறது.

சட்டம் சொல்வதும் சொல்லாததும்

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கு இலவசக் கட்டாயக் கல்வியை உரிமையாக்கியது. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10ஆவது பிரிவு கூறுகிறது. வீட்டுக் கல்வி என்ற பேச்சே அந்தச் சட்டத்தில் இல்லை. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை என்ற பிரிவும் அதில் இல்லை. ஆகவே வீட்டுக் கல்வி நம் நாட்டில் வெளிப்படையாக அனுமதிக்கப்பட்டதாகவும் இல்லை, தண்டிக்கப்படுவதாகவும் இல்லை.

2012இல் வந்த ஒரு திருத்தம், மத்ரஸாக்களுக்கும் வேத பாடசாலைகளுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது என்றது. அதை எடுத்துக்கொண்டு, "நம் வீட்டுப் படிப்புக்கும் விலக்கு உண்டு" என்று சிலர் சொல்லித் திரிகிறார்கள். அந்த விலக்கு சமயக் கல்வி நிறுவனங்களுக்கானது. நம் வீட்டு ஹாலுக்கு அது பொருந்தாது.

பெற்றோர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது அதே சட்டத்தின் 4ஆவது பிரிவு. ஆறு வயது கடந்தும் பள்ளியில் சேராத பிள்ளையையும், சேர்ந்து இடையில் நின்ற பிள்ளையையும் அதன் வயதுக்குரிய வகுப்பில் சேர்க்க வேண்டும் என்றும், பின்தங்கியதை ஈடுசெய்யச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்றும் அது சொல்கிறது. திரும்பிப் போகும் கதவு திறந்தே இருக்கிறது. எனவே பிறப்புச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் ஆகியவற்றைப் பத்திரமாக வையுங்கள். கடைசியாகப் படித்த பள்ளியுடன் சண்டை போட்டுக்கொண்டு வெளியேறாதீர்கள். நாளை அந்த வாசலில் நாமே போய் நிற்க நேரலாம்.

பதினான்கு வயதுக்கு மேல் கணக்கு வேறு. தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனமான என்.ஐ.ஓ.எஸ். மூலம் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்ய 14 வயது நிறைந்திருக்க வேண்டும். ஒரு மொழிப் பாடமாவது உள்ளிட்ட 5 பாடங்களில் தேர்ச்சி பெற வேண்டும். பதிவு 5 ஆண்டுகளுக்குச் செல்லும். ஆண்டுக்கு இரண்டு முறை பொதுத் தேர்வு நடக்கும். எல்லாப் பாடங்களையும் ஒரே மூச்சில் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. அரபியையும் ஒரு பாடமாக எடுக்கலாம் என்பது நம் பிள்ளைகளுக்குக் கூடுதல் வசதி. சிறியவர்களுக்கு 3, 5, 8ஆம் வகுப்புகளுக்கு இணையான அடிப்படை நிலைத் தேர்வுகளும் அங்கே உண்டு.

மாநில வழியில், எட்டாம் வகுப்பையும் பத்தாம் வகுப்பையும் தனித்தேர்வராக எழுதலாம். பத்தாம் வகுப்புக்கு அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பெயர் பதிய வேண்டும். அந்தத் தேதியைத் தவறவிட்டால் ஓர் ஆண்டு போய்விடும். எந்த வழியாக இருந்தாலும், பிள்ளை பிற்காலத்தில் சேர விரும்பும் படிப்புக்கும் வேலைக்கும் அந்தச் சான்றிதழ் செல்லுமா என்று அந்தந்த அலுவலகத்தில் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

எதை இழக்கிறோம் என்றும் பார்க்க வேண்டும்

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் படிப்பதற்கென்று சில சலுகைகள் இருக்கின்றன. 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில், ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிக்கு, உயர்கல்வி முடியும் வரை மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. பின்னர் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் அது நீட்டிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்தது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. அதற்கும் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும்.

தையல் கடையிலோ மீன் வியாபாரத்திலோ கிடைக்கும் வருமானத்தில் குடும்பம் நடத்தும் ஒருவர், ஆறாம் வகுப்பில் இருக்கும் மகளை அரசுப் பள்ளியிலிருந்து நிறுத்தும்போது இவை எல்லாவற்றையும் சேர்த்தே நிறுத்துகிறார். மூன்றாண்டுப் பட்டப் படிப்புக்கு மாதம் 1,000 ரூபாய் என்றால் 36,000 ரூபாய். தெரிந்தே விட்டுக்கொடுத்தால் அது அவர் முடிவு. தெரியாமல் விட்டால் மகளின் பொருளை அவளைக் கேட்காமல் செலவழித்தது போலாகும்.

ஒரே பாயில் பல வயது: நமக்குப் புதிதா?

பல வயதுப் பிள்ளைகளை ஒன்றாக உட்கார வைத்துக் கற்பிப்பது முடியாத காரியம் என்று நினைப்பவர்கள், மஃரிபுக்குப் பின் நம் பள்ளிவாசல் மக்தபை எட்டிப் பார்க்கட்டும். ஒரே பாயில் ஐந்து வயதுக்காரன் அலிஃப் பா சொல்கிறான். எட்டு வயதுக்காரி அம்ம ஜுஸ்உ ஓதுகிறாள். பன்னிரண்டு வயதுக்காரன் யாஸீன் ஒப்பிக்கிறான். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு ஸபக். உஸ்தாத் ஒருவர்தான். வகுப்பு, பிரிவு என்று எதுவும் இல்லை. முடித்தவர் அடுத்த பாடத்துக்குப் போகிறார், முடிக்காதவர் அதையே மீண்டும் ஓதுகிறார்.

நம் ஊர்த் திண்ணைப் பள்ளிக்கூடமும் அப்படித்தான் நடந்தது. மணலில் விரலால் எழுதிப் பழகும் சின்னவனுக்குப் பெரியவனான சட்டாம்பிள்ளை கை பிடித்துச் சொல்லிக்கொடுத்தான். 1789இல் சென்னை எழும்பூரில் ஆங்கிலேயச் சிப்பாய்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், இப்படி மணலில் எழுதிப் பழகிய நம் நாட்டுப் பிள்ளைகளைப் பார்த்தார். அதைத் தன் இல்லத்தில் நடைமுறைப்படுத்தி, பெரிய பிள்ளைகளைக் கொண்டே சிறியவர்களுக்குக் கற்பித்தார். 1797இல் லண்டனில் அதைப் பற்றிப் புத்தகம் வெளியிட்டார். மதராஸ் முறை என்ற பெயரில் அது இங்கிலாந்தெங்கும் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் கொடையால் எழுந்த பள்ளிக்கு இன்றும் மெட்ராஸ் காலேஜ் என்றுதான் பெயர்.

அந்தக் கதையின் பின்பாதியையும் சொல்ல வேண்டும். அந்த முறை பரவியதற்குப் பெரிய காரணம் அதன் மலிவு. ஓர் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுத்தால் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம். ஆனால் சிறியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தே காலத்தைக் கழித்த பெரிய பிள்ளைகள், தங்களுக்கு மேற்பட்ட பாடத்தைக் கற்க நேரமில்லாமல் நின்றுவிட்டார்கள். மனப்பாடத்துக்கு மேல் அது போகவில்லை என்ற குறையும் எழுந்தது. இங்கிலாந்தே பின்னர் அதைக் கைவிட்டது.

தமிழக அரசுப் பள்ளிகளில் 2007 முதல் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றலும் பல நிலைப் பிள்ளைகளை ஒரே அறையில் வைத்துக்கொண்டதுதான். அதில் ஏணிப்படி போல அட்டைகள் இருந்தன. பிள்ளை தன் அட்டையை எடுத்துத் தன் வேகத்தில் ஏறலாம். ஆசிரியர் வேலையைப் பெரிய பிள்ளையின் தலையில் ஏற்றாமல், பாடத்தையே படிப்படியாகப் பிரித்து வைத்தார்கள். நம் வீடுகள் கற்க வேண்டியது இதைத்தான்.

மூத்த பிள்ளையின் கூலி

இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் இளமைக்காலம் நமக்கு நல்ல முன்மாதிரி. தந்தையை இழந்த அவர்களை வளர்த்தவர் தாயார். மக்காவில் ஓதவைத்த ஆசிரியருக்குக் கொடுக்கத் தாயாரிடம் பணம் இல்லை. ஆசிரியர் எழுந்து போகும் நேரத்தில் மற்றப் பிள்ளைகளை இந்தச் சிறுவர் கவனித்துக்கொண்டார். அதையே கட்டணமாக ஆசிரியர் ஏற்றுக்கொண்டார். அவர்களின் வரலாற்று நூல்களில் இது பரவலாகச் சொல்லப்படுகிறது.

சிறியவர்களைப் பார்த்துக்கொள்வது ஒரு வேலை என்றும் அதற்கு ஒரு மதிப்பு உண்டு என்றும் அந்த ஆசிரியர் ஒப்புக்கொண்டார். அந்த மதிப்பைச் சிறுவருக்கே கல்வியாகத் திருப்பிக் கொடுத்தார். சிறுவரும் அங்கேயே தங்கிவிடவில்லை. மதீனாவில் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் போய்க் கற்றார்கள். உதவி செய்த பிள்ளைக்கு மேலே போகும் வழி அடைபடவில்லை.

நம் வீட்டு மூத்த மகளுக்கு இது கிடைக்கிறதா? காலையில் தம்பிக்குச் சாப்பாடு ஊட்டுகிறாள். தங்கைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறாள். அம்மா குளிக்கப் போனால் கைக்குழந்தையைத் தூக்கிக்கொள்கிறாள். பகல் இரண்டு மணிக்குத் தன் கணக்குப் புத்தகத்தைத் திறக்கும்போது கண் சொக்குகிறது. "எங்கள் வீட்டில் பெரிய மகள்தான் எல்லாருக்கும் டீச்சர்" என்று தந்தை பெருமையாகச் சொல்கிறார். அந்த டீச்சருக்கு ஒரு டீச்சர் யார்?

பதினைந்து, பதினாறு வயதாகும்போது அவள் கையில் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இல்லை. மேலே எதில் சேர்ப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. "சும்மாதானே இருக்கிறாள்" என்ற பேச்சு எழுகிறது. பதினெட்டு நிறையும் முன்பே மாப்பிள்ளை பார்க்கும் பேச்சும் கூடவே வருகிறது. பள்ளிக்கூடத்தின் கெடுதியிலிருந்து காப்பாற்றுகிறோம் என்று தொடங்கியது, கல்வியிலிருந்தே அவளைப் பிரித்துவிடுவதில் முடிகிறது. இதற்கு வீட்டுக் கல்வி என்று பெயர் வைக்கக்கூடாது.

நுஃமான் பின் பஷீர் (ரழி) அவர்களின் தந்தை, ஒரு மகனுக்கு மட்டும் ஓர் அன்பளிப்பைக் கொடுத்துவிட்டு அதற்கு நபி (ஸல்) அவர்களைச் சாட்சியாக்க வந்தார். எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படிக் கொடுத்தீர்களா என்று நபியவர்கள் கேட்டார்கள். இல்லை என்றதும், பிள்ளைகளிடையே நீதமாக நடக்கும்படி ஏவினார்கள், சாட்சியாக இருக்க மறுத்துவிட்டார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள செய்தி இது. ஒரு பொருளிலேயே இப்படி என்றால், ஒரு பிள்ளையின் படிப்புக்காக இன்னொரு பிள்ளையின் ஆண்டுகளை எடுத்துக் கொடுப்பதற்கு யாரைச் சாட்சியாக்கப் போகிறோம்?

பெண்பிள்ளைக்கு எழுத்தறிவு எதற்கு என்று கேட்பவர்களுக்கும் ஸீராவில் பதில் இருக்கிறது. அன்னை ஹஃப்ஸா (ரழி) அவர்களுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவர் ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரழி) என்ற பெண்மணி. நபியவர்களின் வீட்டுக்குள்ளேயே நடந்த கல்வி அது. அதற்கும் தகுதியான ஓர் ஆசிரியை இருந்தார்.

ஆண்டை எங்கிருந்து தொடங்குவது?

மூன்று வயது மகன், ஏழு வயது மகள், ஹிஃப்ழ் செய்யும் பதினொரு வயது மகன், பதினான்கு வயது மகள் என்று ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலோர் சின்னவர்களிடமிருந்து திட்டம் போடத் தொடங்குவார்கள், அவர்கள்தானே அதிகம் அழுகிறார்கள். நாம் மூத்தவளிடமிருந்து தொடங்கச் சொல்கிறோம். காலம் குறைவாக இருப்பது அவளுக்குத்தான்.

முதலில் அவள் எந்தத் தேர்வை எந்த மாதம் எழுதப் போகிறாள் என்று நாள்காட்டியில் குறியுங்கள். பதிவுக்குக் கடைசி நாள், கட்டணம், எடுக்கும் பாடங்கள் மூன்றையும் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பிறகு ஒரு நாளில் அவளுக்கென்று யாரும் குறுக்கிடாத மூன்று மணி நேரத்தை ஒதுக்குங்கள். மற்ற மூவரின் அட்டவணையும் அந்த மூன்று மணி நேரத்தைச் சுற்றித்தான் அமைய வேண்டும். அந்த நேரத்தில் வாசல் மணி அடித்தாலும், குழந்தை அழுதாலும், விருந்தாளிக்குத் தேநீர் வேண்டியிருந்தாலும் அவளைக் கூப்பிடக் கூடாது.

அடுத்து, எதை எல்லாரும் சேர்ந்து கற்கலாம், எதைத் தனித்தனியாகக் கற்க வேண்டும் என்று பிரியுங்கள். குர்ஆன் கேட்பது, நபிமார் வரலாறு, தமிழ்ச் செய்தித்தாள் வாசிப்பு, சமையலறையிலேயே செய்து பார்க்கக்கூடிய அறிவியல் ஆகியவற்றை எல்லாரும் சேர்ந்தே கற்கலாம். ஒரே பொருளை அவரவர் வயதுக்குத் தகுந்த ஆழத்தில் கொடுத்தால் போதும்.

ஹிஜ்ரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று வயதுக்காரன் மடியில் உட்கார்ந்து கதை கேட்பான். ஏழு வயதுக்காரி ஒட்டகம் வரைந்து, மக்கா, மதீனா என்று தமிழில் எழுதுவாள். பதினொரு வயதுக்காரன் வரைபடத்தில் இரண்டு ஊர்களையும் கண்டுபிடித்து, சுமார் 450 கிலோமீட்டரை நாளுக்கு 40 கிலோமீட்டர் வீதம் கடக்க எத்தனை நாள் ஆகும் என்று கணக்கிடுவான். பதினான்கு வயதுக்காரி, உமர் (ரழி) ஆட்சியில் ஹிஜ்ரத்தை ஆண்டின் தொடக்கமாக ஏன் வைத்தார்கள் என்று ஒரு பக்கம் எழுதுவாள். 354 நாள் ஆண்டுக்கும் 365 நாள் ஆண்டுக்கும் உள்ள வித்தியாசத்தால் ரமலான் ஏன் ஒவ்வோர் ஆண்டும் முன்னே வருகிறது என்றும் கணக்கிட்டுச் சொல்வாள். முக்கால் மணி நேரத்தில் வரலாறு, புவியியல், கணக்கு, தமிழ் நான்கும் நடந்துவிடும்.

கணக்கும் வாசிப்பும் அப்படி இல்லை. இவற்றில் ஒரு படியைத் தாண்டிவிட்டு அடுத்த படிக்குப் போக முடியாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தினமும் அரை மணி நேரமாவது தாயோ தந்தையோ பக்கத்தில் உட்கார வேண்டும். ஹிஃப்ழ் செய்யும் மகனுக்கும் இது உண்டு. புதிய பாடம், அண்மையில் முடித்த பாடம், பழைய பாடம் என்று மூன்றையும் தினமும் சுமப்பவன் களைத்துப் போவான். ஆனாலும் கணக்கையும் தமிழையும் முழுக்க நிறுத்திவிட்டால், ஹாஃபிழாகி வெளியே வரும்போது தன் வயதுப் பிள்ளைகளுக்குப் பல வகுப்புகள் பின்னால் இருப்பான். நாளுக்கு ஒரு மணி நேரம் அவன் கையை அந்தப் புத்தகங்களிலிருந்து விடாமல் வைத்திருந்தால் போதும்.

மூன்று வயதுக்காரனுக்குப் பாடம் வேண்டாம். தொழுகையையே ஏழு வயதில் ஏவச் சொன்ன மார்க்கம் நம்முடையது. மூன்று வயதில் பென்சிலைத் திணிக்க அவசரம் என்ன? அவனுக்கு ஒரு மூலை, கொஞ்சம் மரக்கட்டை, ஒரு கிண்ணம் தண்ணீர் கொடுங்கள். அவன் அழுதால் பாடத்தைச் சுருக்கிக்கொள்ளுங்கள். தொழுகையை நீட்ட எண்ணி நின்ற நபி (ஸல்) அவர்கள், குழந்தையின் அழுகுரல் கேட்டதும் தாயின் தவிப்பை நினைத்துத் தொழுகையைச் சுருக்கியிருக்கிறார்கள். பாடத்தைச் சுருக்குவதில் என்ன குறை வந்துவிடும்?

மூத்தவள் உதவவே கூடாதா? உதவலாம். சொல்லிக்கொடுப்பவருக்கும் பாடம் உறுதிப்படும். ஆனால் அதற்கு எல்லை வேண்டும். நாளுக்கு அரை மணி நேரம், அதுவும் அவள் பாடம் முடிந்த பிறகு. அதற்கு ஈடாக அவளுக்கு ஏதாவது கிடைக்க வேண்டும். ஒரு புத்தகம், ஒரு தையல் வகுப்பு, ஒரு கணினி வகுப்பு, அவள் கேட்கும் ஏதோ ஒன்று. பதினொரு வயது தம்பிக்கும் வேலை உண்டு. தட்டுக் கழுவலாம், துணி மடிக்கலாம். நபியவர்கள் வீட்டு வேலைகளில் ஈடுபட்டதாக அன்னை ஆயிஷா (ரழி) அறிவித்திருக்கிறார்கள். அதைப் பயானில் கேட்பதோடு நிறுத்தாமல் அடுக்களையிலும் காட்ட வேண்டும்.

அத்தா எங்கே?

வீட்டுக் கல்வி என்று முடிவெடுப்பவர் தந்தை, நடத்துபவர் தாய் என்றால் அது நெடுநாள் ஓடாது. கடையிலிருந்து இரவு பத்து மணிக்கு வருபவரும், வளைகுடாவில் இருப்பவரும் என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். ஸுப்ஹுக்குப் பின் அரை மணி நேரம் ஒரு பிள்ளையின் ஓதலைக் கேட்கலாம். வெளிநாட்டில் இருப்பவர் கைப்பேசியில் நாளுக்கு ஒரு பிள்ளை என்று முறை வைத்துப் பாடம் கேட்கலாம். "நல்லா படிக்கிறியா?" என்று பொதுவாக விசாரிப்பது போதாது. "நேற்று எந்தக் கணக்கில் நின்றாய்?" என்று கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். தேர்வுப் பதிவு, கட்டணம், அலுவலக அலைச்சல் முழுவதையும் தந்தையே எடுத்துக்கொள்ள வேண்டும். நாம் ஒவ்வொருவரும் நம் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி விசாரிக்கப்படுவோம் என்ற நபிமொழி முதலில் குடும்பத் தலைவரின் கதவைத்தான் தட்டுகிறது.

மஹல்லா என்ன செய்யலாம்?

2021 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில், தன்னார்வலர்கள் தங்கள் தெருவுப் பிள்ளைகளைக் கூட்டி மாலை நேரத்தில் கற்பித்தார்கள். வீட்டுத் திண்ணை, கோயில் மண்டபம், சமுதாயக் கூடம் என்று எங்கே இடம் கிடைத்ததோ அங்கே நடந்தது. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

நம் மஹல்லாக்களில் கணக்கிலும் அறிவியலிலும் பட்டம் பெற்று வீட்டில் இருக்கும் சகோதரிகள் எத்தனை பேர்! மக்தப் அறைகள் காலை எட்டு மணியிலிருந்து மாலை வரை பூட்டியே கிடக்கின்றன. வீட்டில் படிக்கும் பிள்ளைகள் உள்ள நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து, வாரத்தில் இரண்டு காலை வேளைகளில் அந்த அறையைக் கேட்டுப் பெறலாம். பட்டதாரிச் சகோதரி ஒருவரை உரிய ஊதியம் கொடுத்து அமர்த்தலாம். பெரிய பிள்ளைகளுக்கு அங்கே ஓர் உண்மையான ஆசிரியை கிடைப்பார். சின்னவர்களுக்குக் கூட்டாளிகள் கிடைப்பார்கள். தாய்க்கு வாரத்தில் இரண்டு காலை மூச்சு விட நேரம் கிடைக்கும். எட்டு, பத்தாம் வகுப்புத் தேர்வுப் பதிவுத் தேதிகளை ஜும்ஆ அறிவிப்பில் சொல்வதற்கு ஜமாஅத்துக்கு ஒரு காசும் செலவில்லை.

திரும்பிப் போவதும் ஒரு முடிவுதான்

புதிய ஆண்டைத் தொடங்கும் முன் கணவனும் மனைவியும் உட்கார்ந்து மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பாருங்கள். மூத்த பிள்ளையின் அடுத்த தேர்வு எது, எப்போது? ஒவ்வொரு பிள்ளைக்கும் தினமும் தனியாக அரை மணி நேரம் யார் கொடுக்கப் போகிறார்? மகளிடம், "உனக்கு என்ன படிக்க ஆசை?" என்று கடைசியாக எப்போது கேட்டோம்?

மூன்றுக்கும் தெளிவான பதில் இருந்தால் பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்குங்கள். பதில் இல்லையென்றால், ஒரு பிள்ளையையோ எல்லாப் பிள்ளைகளையுமோ பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதில் வெட்கம் எதுவும் இல்லை. நான்கு பேருக்கும் ஒரே முடிவு என்று யாரும் சட்டம் போடவில்லை. மகன் வீட்டில் ஹிஃப்ழ் செய்யட்டும், மகள் பக்கத்து அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு எழுதட்டும். மாலையில் இருவரும் ஒரே பாயில் உட்கார்ந்து ஓதட்டும். பிள்ளைக்கு எது நல்லதோ அதன்படி முடிவை மாற்றிக்கொள்வது தோல்வி ஆகாது.

ஆண்டு இறுதியில் அலிஃப் பா கற்ற சின்னவனைப் பார்த்து மகிழும்போது, அவன் கை பிடித்து எழுத வைத்த அக்காவின் நோட்டையும் ஒருமுறை திறந்து பாருங்கள். அதுவும் நிறைந்திருக்க வேண்டும்.

பிள்ளைகள் எல்லாருடைய ஹக்கையும் நிறைவேற்றும் பெற்றோராக அல்லாஹு தஆலா நம் அனைவரையும் ஆக்கி அருள்வானாக! அவர்களை இம்மையிலும் மறுமையிலும் நம் கண்களுக்குக் குளிர்ச்சியாக ஆக்குவானாக! ஆமீன்.